ஹாலந்தில் அச்சான துணி எப்படி ஆப்பிரிக்கத் துணி ஆகும்?

கேள்வி | பிப்ரவரி 4

பளிச்சென்ற நிறத்தில் பெரிய பெரிய டிசைன் போட்ட துணியை ஆப்பிரிக்கத் துணி என்கிறோம். அது ஹாலந்துக்காரர்கள் அச்சடித்து விற்றதாம், அவர்களும் அதை ஜாவாவின் பத்திக் துணியைப் பார்த்துக் காப்பி அடித்தார்களாம். நமீபியாவில் பெண்கள் போடும் நீள கவுனும் ஜெர்மன் பாதிரிமார் கொடுத்ததாம். அப்படியென்றால் ஆப்பிரிக்காவுக்குச் சொந்தமாக உடை மரபு என்று ஒன்று உண்டா? எல்லாமே ஐரோப்பியர் கொடுத்ததுதானா?

பிப்ரவரி 4, இரவு

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஹைன்ரிக் பார்த் என்ற ஜெர்மன் பயணி 1851-ல் இன்றைய வட நைஜீரியாவின் கானோ நகரத்துக்குப் போனார். அங்கே நெய்து அவுரியில் சாயம் போட்ட துணி சகாராவைத் தாண்டித் திரிப்போலி வரைக்கும், மேற்கே திம்புக்டு வரைக்கும் போனதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். பிரிட்டிஷ் படை கானோவைப் பிடித்தது 1903-ல். ஆக, துணி கட்டக் கற்றுக்கொடுக்க யாரும் கப்பலேறி வர வேண்டியிருக்கவில்லை. கானாவில் பட்டைகளாக நெய்யும் கென்ட்டே, காங்கோவில் கூபா மக்களின் ராஃபியா நார்த் துணி, உகாண்டாவில் முதுபா மரத்தின் பட்டையை உரித்து, சுத்தியலால் அடித்து அடித்து விரிக்கும் மரப்பட்டைத் துணி என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

ஹாலந்து விஷயம் உண்மை. நாளை எழுதுகிறேன், அது நீளும்.

பிப்ரவரி 5

ஜாவாவில் பத்திக் கையால் செய்வது. மெழுகு வைத்து, சாயத்தில் முக்கி, மெழுகை எடுத்து, மறுபடி வைத்து என்று ஒரு துணிக்கு வாரக்கணக்கில், சிலதுக்கு மாதக்கணக்கில் ஆகும். டச்சுக்காரர்களின் காலனி அது. இதையே எந்திரத்தில் செய்து மலிவாக அங்கேயே விற்றால் என்ன என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹாலந்து ஆலைகள் கணக்குப் போட்டன. துணியின் இரண்டு பக்கமும் உருளையால் பிசினைப் பதித்து அவுரியில் முக்கினார்கள். பிசின் காய்ந்ததும் விரிசல் விட்டது, விரிசல் வழியே சாயம் இறங்கி, துணி முழுக்க நரம்பு ஓடியது மாதிரி மெல்லிய கோடுகள். ஜாவாக்காரர்கள் கண்ணில் அது சுத்தமில்லாத வேலை. அங்கே அது எடுபடவில்லை.

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் அந்தக் கோடுகளையே விரும்பி வாங்கினார்கள். ஒரு கஜம் இருக்கிற மாதிரி அடுத்த கஜம் இருக்காது, அதுதான் அவர்களுக்குப் பிடித்தது. எபனேசர் பிரவுன் ஃபிளெமிங் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி 1890-களில் கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், இதைக் கொண்டுவந்து விற்று நன்றாகச் சம்பாதித்தார். இன்று பெயர் பெற்ற விலிஸ்கோ ஆலை ஹாலந்தின் ஹெல்மண்டில் 1846-ல் தொடங்கியது, இன்றும் அங்கே ஓடுகிறது.

டச்சுப் படைக்காக அதே கோல்டு கோஸ்டின் எல்மினா கோட்டையில் ஆள் சேர்த்து, 1831 முதல் 1872 வரை சுமார் 3,000 ஆப்பிரிக்கர்களை ஜாவாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் மூட்டையில் பத்திக் கொண்டுவந்தார்கள், அதிலிருந்துதான் ஆசை பிறந்தது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் ஓடுகிறது. அழகான கதை. ஆனால் ஒரு கடற்கரை முழுவதன் ரசனையையும் சில ஆயிரம் சிப்பாய்கள் தலையில் ஏற்றிவிட முடியாது. அதற்கு முன்பே பல நூறு ஆண்டுகளாக அங்கே இந்தியத் துணி வந்து இறங்கிக்கொண்டிருந்தது, நல்ல துணி எது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள்.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

"ஆக, ஐரோப்பாவில் விலை போகாததை ஆப்பிரிக்காவில் தள்ளிவிட்டார்கள்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. தள்ளிவிட முடியவில்லை என்பதுதான் விஷயம். அந்தந்த ஊர் சந்தைக்கு எந்த நிறம், எந்த டிசைன் ஓடும் என்று அங்கேயிருக்கும் பெண் வியாபாரிகளிடம் கேட்டுத்தான் ஆலைகள் அச்சடித்தன. அவர்கள் வேண்டாம் என்றால் சரக்கு அப்படியே கிடங்கில் கிடக்கும்.

பிப்ரவரி 7

நான் கானாவின் தலைநகர் ஆக்ராவில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்தவன். அங்கே மக்கோலா சந்தையில் துணி வாங்குவது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் நான் சொல்ல வருவது புரியும்.

கடை என்றால் சின்ன இடம். தரையிலிருந்து கூரை வரை மடித்து அடுக்கிய துணி, நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்த அம்மா. 12 கஜம் முழு பீஸ், 6 கஜம் அரை பீஸ். நான் ஒரு துணியைக் காட்டி "அந்த நீலம்" என்றேன். அந்த அம்மாவுக்கு அது காதில் விழவே இல்லை, பக்கத்தில் நின்ற என் அலுவலகத் தோழி அதன் பெயரைச் சொன்ன பிறகுதான் எடுத்துப் போட்டார். எல்லாத் துணிக்கும் பெயர் உண்டு. ஆமையின் முதுகு ஒன்று. சிறகடிக்கும் தகைவிலான் குருவி போட்டதற்குப் பொருள், பணத்துக்குச் சிறகு உண்டு என்பது. கூண்டு திறந்து பறவை வெளியேறுவது "நீ வெளியே போனால் நானும் போவேன்", புருஷனுக்கு வாய் திறக்காமல் சொல்கிற எச்சரிக்கை. ஹெல்மண்டில் அந்தத் துணிக்கு வெறும் எண்தான். பெயர் வைத்தது சந்தை. பெயர் நிலைத்த டிசைன் தலைமுறை தாண்டி விற்கும், பெயர் கிடைக்காதது ஒரு சீசனோடு போய்விடும்.

துணியின் ஓரத்தை விரித்து, இது அசல் ஹாலந்து வாக்ஸ், அதாவது மெழுகு அச்சுத் துணி, என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார். அப்புறம் புரட்டிப் போட்டு, பின்பக்கமும் அதே அழுத்தமான நிறம் என்று காட்டினார். விரல் நகத்தால் ஒரு பூவின் விளிம்பைத் தொட்டுக் காட்டினார், மஞ்சள் நிறம் கோட்டை விட்டு ஒரு மயிரிழை வெளியே வந்திருந்தது. அப்படி வந்தால்தான் நல்ல துணி, கச்சிதமாக உட்கார்ந்திருந்தால் அது ஒரே பக்கம் அச்சடித்த மலிவுச் சரக்கு என்றார். எந்திரம் செய்த பிசகுதான் அங்கே தரத்துக்குச் சான்று.

அந்தத் தோழியின் அம்மா வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் தைக்காத முழு பீஸ்கள், நம் வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவை இருப்பதுபோல. கல்யாணச் சீராக வந்தது, பிள்ளை பிறந்தபோது வாங்கியது, தன் அம்மா விட்டுப்போனது என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார். கைமுடை வந்தால் ஒன்றை விற்பார்கள், இறந்தால் பெண்பிள்ளைகளுக்குப் போகும். இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு இது உங்களுடையது இல்லை, ஹாலந்துடையது என்று எவன் சொல்ல முடியும்? எனக்கு வாய் வராது.

பிப்ரவரி 9

"உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள், லாபம் யாருக்குப் போனது?" என்று கேட்டவருக்கு நன்றி. இரண்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

லாபத்தின் பெரும்பகுதி கப்பலேறியது. உள்ளூரில் நின்ற பங்கும் சின்னது இல்லை. டோகோவின் லோமே சந்தையில் சில பெண்கள் குறிப்பிட்ட டிசைன்களைத் தாங்கள் மட்டுமே விற்கும் உரிமையை வாங்கி வைத்திருந்தார்கள். சுற்றியுள்ள நாடுகளிலிருந்தெல்லாம் அவர்களிடம் வந்துதான் வாங்க வேண்டும். மெர்சிடிஸ் பென்ஸில் வந்து இறங்குவதால் அவர்களுக்கு நானா பென்ஸ் என்றே பெயர். அரசாங்கத்துக்கு வெளிநாட்டு விருந்தாளி வந்தால் கார் இரவல் கேட்டு அவர்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும் என்பார்கள். 1994 ஜனவரியில் டோகோவிலும் பக்கத்து நாடுகள் பலவற்றிலும் புழங்கும் சி.எஃப்.ஏ. ஃபிராங்க் நாணயத்தின் மதிப்பை ஒரே நாளில் பாதியாகக் குறைத்தார்கள். ஹாலந்துத் துணி ஒரே இரவில் இரட்டை விலை ஆனது. அந்த அடியோடு சீனாவில் அச்சான நகல்களும் வந்து சேர, பழைய நானா பென்ஸ் காலம் முடிந்தது. அந்த நாணயம் பிரான்ஸோடு கட்டிப்போடப்பட்ட காலனி கால நாணயம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். துணிக்குப் பெயர் வைக்கும் உரிமை லோமேயில் இருந்தது, அதை வாங்கும் காசின் மதிப்பை முடிவு செய்யும் உரிமை அங்கே இல்லை.

விலிஸ்கோவை 2010-ல் வாங்கியது ஆக்டிஸ் என்ற பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனம்.

அதனால் நான் இதை இரண்டு கணக்காக வைத்துக்கொள்கிறேன். ரசனை, பொருள், எப்போது எதை உடுத்துவது, யாருக்கு என்ன சொல்வது, இதெல்லாம் ஒரு கணக்கு, அது அவர்களுடையது. நூல், ஆலை, நாணயம், லாபம் இன்னொரு கணக்கு. முதல் கணக்கைக் காட்டி இரண்டாவதை மறைக்கக்கூடாது, இரண்டாவதைக் காட்டி முதலாவதை அழிக்கவும் கூடாது.

பிப்ரவரி 10

நமீபியா. கேள்வி கேட்டவர் ஒரே வரியில் தாண்டிவிட்டார், தாண்டக்கூடாத இடம் அது.

ஹெரேரோ மக்கள் மாடு வளர்ப்பவர்கள். பெண்கள் தோலாடை உடுத்தி, மேலே மூன்று முனை நிற்கும் தோல் தலையணி அணிந்தார்கள். 1840-களில் ரைன்லாந்து மிஷன் பாதிரிமார் வந்தார்கள், அவர்கள் மனைவிமார் தையல் சொல்லிக்கொடுத்தார்கள். கழுத்துவரை மூடிய மேல்பாகம், புஜத்தில் உப்பிய கை, அடுக்கடுக்காய் உள்பாவாடை, தரையைத் தொடும் பாவாடை. ஐரோப்பாவில் விக்டோரியா காலத்து மோஸ்தர் அது, அந்தப் பாலைவெயிலில்.

அப்புறம் 1904. ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக ஹெரேரோக்கள் எழுந்தார்கள். ஆகஸ்டில் வாட்டர்பெர்க்கில் சண்டை, தப்பியவர்களை ஒமஹேகே பாலைவனத்துக்குள் விரட்டினார்கள், 1904 அக்டோபர் 2 அன்று தளபதி லோத்தர் ஃபான் டிரோட்டா, எல்லைக்குள் அகப்படும் ஒவ்வொரு ஹெரேரோவையும் சுட உத்தரவு போட்டார். பிறகு முகாம்கள். 1908-க்குள் அந்த இனத்தில் பெரும்பகுதி அழிந்தது. சுமார் 80,000 பேரில் மிஞ்சியது 15,000 அளவுக்கு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஜெர்மனி அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்ள 2021 ஆனது.

தலைவர் சாமுவேல் மஹரேரோ நாடு கடந்து வாழ்ந்து 1923-ல் இறந்தார். உடலை ஒகஹாண்ட்ஜாவுக்குக் கொண்டுவந்து ஆகஸ்ட் 23 அன்று அடக்கம் செய்தார்கள். ஆண்கள் பட்டாளச் சீருடையில் அணிவகுத்தார்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சமயத்தில் அங்கே கூடுகிறார்கள். ஆண்கள் சீருடையில், பெண்கள் சிவப்பும் கறுப்புமாக அந்த நீள கவுனில். தலையில் இரண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு போல அகலமாக நீளும் துணிக்கட்டு. எந்த ஜெர்மன் சீமாட்டியும் தலையில் கொம்பு வைத்ததில்லை, அது ஹெரேரோ பெண்கள் சேர்த்தது. பாவாடை பல மீட்டர் துணி, வேகமாக நடக்க வராது, நிதானமான மாட்டின் நடைதான் வரும். அந்த நடைதான் அழகு என்பார்கள்.

தங்களை அழித்தவர்களின் உடையை ஏன் இன்னும் போடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: எஞ்சியவர்கள் ஒன்றுகூடி, நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று காட்டத் தேர்ந்த உடை அது. அந்தக் கவுனில் மிஷன் பாதிரியார் தொடங்கி வைத்தது கொஞ்சம், நூறு ஆண்டுகளாக இவர்கள் கட்டியது மிச்சம்.

பிப்ரவரி 10, மறுபடியும்

ஹிம்பா மக்கள் ஹெரேரோக்களின் நெருங்கிய உறவினர்கள், ஒரே மொழி. தோலாடையும் உடம்பில் செங்காவியும்தான் இன்றும். அவர்கள் அசல், ஹெரேரோக்கள் கலப்படம் என்று சுற்றுலாக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் யார் அசல் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

பிப்ரவரி 13

தோள்சீலைப் போராட்டத்தை ஒருவர் இழுத்திருக்கிறார். அங்கேயும் மிஷன், இங்கேயும் மிஷன், இங்கே நல்லது செய்தது அங்கே மட்டும் எப்படிக் கெடுதல் என்று. நியாயமான கேள்வி. நாகர்கோவிலில் வேலை செய்த அதே லண்டன் மிஷன்தான் தென்னாப்பிரிக்காவின் குருமனில் த்ஸ்வானா மக்களிடையேயும் இருந்தது.

வித்தியாசம் எங்கே என்றால், தென் திருவிதாங்கூரில் மேலாடை போடக்கூடாது என்று தடுத்தது மேல்சாதிக் கட்டுப்பாடு. அதை உடைக்க நாடார் பெண்கள் அடிபட்டார்கள், 1859-ல் அரசாணை வந்தது. மூடிக்கொள்வது அவர்கள் கேட்ட உரிமை. குருமனில் அப்படி யாரும் கேட்கவில்லை. வேதத்தில் சேர வேண்டுமா, சட்டையும் கவுனும் போடு என்ற நிபந்தனை வந்தது, அந்தச் சட்டையை வாங்கக் கடைக்குப் போக வேண்டும், கடைக்குப் போகக் கூலி வேலைக்குப் போக வேண்டும். உடை ஒன்றாக இருக்கலாம், அதை யார் கேட்டார்கள் என்று பாருங்கள்.

பிப்ரவரி 14

நம்மூர்த் துணிக்கும் இதில் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி, மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்கா போனது. அடிமை வியாபாரத்தில் ஆளுக்கு மாற்றாகக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணியும் முக்கியமானது, அதைச் சொல்லாமல் நம் நெசவின் பெருமையை மட்டும் பேசக்கூடாது. புதுச்சேரி நீலத்துணி செனகல் ஆற்றங்கரையில் கருவேல வகை மரத்தின் பிசின் வாங்கப் பணமாகவே புழங்கியது. பிரெஞ்சு வியாபாரிகள் அதைக் கினே என்றார்கள்.

நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் கலபாரி மக்கள் மெட்ராஸ் கட்டத் துணியை வாங்கி அப்படியே கட்டமாட்டார்கள். பெண்கள் பிளேடோ சின்னக் கத்தியோ எடுத்து, துணியில் வெளிர் நிற நூலைத் தேடி, ஒன்றொன்றாக அறுத்து உருவுவார்கள். உருவ உருவக் கட்டம் கரைந்து, சல்லடை மாதிரி மெல்லிய துணியில் புது டிசைன் எழும். பெலெடே பிடே என்று பெயர். ஒரு நூல் தவறி அறுந்தால் அந்த இடம் வீண், அத்தனை பொறுமையான வேலை. இறந்தவர் வீட்டில் குடும்பத்தின் பழைய துணிகளைக் கட்டிலிலும் சுவரிலும் அடுக்கி அலங்கரிப்பதில் இதற்குத் தனி இடம். ஒருவர் நெய்த நூலை இன்னொருவர் அறுத்து எடுத்து அதைத் தன்னுடையதாக்கியது. இந்தப் பதிவுகளில் நான் சொன்னதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

இதே மாதிரிதான் இன்றைய கானாவின் அசாந்தே அரசர் ஒபோக்கு வாரே காலத்திலும். 1730-களில் ஐரோப்பிய வியாபாரிகளிடம் பட்டுத்துணி வாங்கி, நூல் நூலாகப் பிரித்து, தங்கள் தறியில் மறுபடி நெய்தார்கள் என்று அந்தக் கடற்கரையில் இருந்த டென்மார்க்காரர்களின் குறிப்புகளில் இருக்கிறது. கென்ட்டேயின் பட்டு அப்படி வந்தது.

பிப்ரவரி 18

உகாண்டாப் பெண்களின் கோமெஸி உடை பற்றிக் கேட்ட தங்கைக்கு: சதுரக் கழுத்து, தோளில் கூம்பி நிற்கும் குட்டைக் கை, இடப்பக்கம் இரண்டு பொத்தான், இடுப்புக்குக் கீழே அகலக் கச்சை. இதற்குப் பெயர் கொடுத்தவர் கம்பாலாவில் கடை வைத்திருந்த கோவாக்காரத் தையல்காரர் கேட்டானோ கோமெஸ். 1905-ல் தொடங்கிய கயாஸா மிஷன் பள்ளி மாணவிகளுக்காகத் தைத்தது என்பது வழக்கமான வரலாறு. 1914-ல் கபாகா, அதாவது உகாண்டாவுக்குள் இருக்கும் புகாண்டாவின் அரசர், இரண்டாம் தாவுதி ச்வாவின் அரசி அணிந்த பிறகு ஊரெல்லாம் பரவியது. மிஷன் பள்ளி, இந்தியத் தையல்காரர், புகாண்டா அரசி, மூன்று பேர் கையும் அதில் இருக்கிறது. இன்று கல்யாணப் பேச்சுக்கு வரும் பெண்கள் இதில்தான் வருவார்கள்.

அதற்கு விலையாகப் போனது மரப்பட்டைத் துணி. யுனெஸ்கோ 2005-ல் அதைக் காக்க வேண்டிய மரபு என்று அறிவித்தது.

பிப்ரவரி 19

காலனி உடையை அரசாங்கமே தடுத்த கதையும் உண்டு. ஸயீரில், அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், அதிபர் மொபுட்டு 1970-களில் கோட்டையும் டையையும் விலக்கி, அபாகோஸ்ட் என்று கழுத்துப்பட்டி இல்லாத மேலாடையைக் கொண்டுவந்தார், 1990 வரை அதுதான். எதிர்த்திசையில் கென்யா: 2023 நவம்பரில் நாடாளுமன்ற வளாகத்துக்குள் டை இல்லாமல் போடும் கவுண்டா சூட்டும் பாரம்பரிய உடையும் கூடாது என்று சபாநாயகர் உத்தரவிட்டார். கோட்டும் டையும்தான் மரியாதையாம், விடுதலை பெற்று 60 ஆண்டு கழித்து.

பிப்ரவரி 22

"காலனி காலம் முடிந்துவிட்டதே, இப்போது என்ன?" இப்போது பழைய துணி. பணக்கார நாடுகளில் தானமாகக் கொடுத்ததும் கழித்துக்கட்டியதும் பெரிய கட்டுகளாக, பேல் பேலாக வந்து இறங்குகிறது. ஆக்ராவின் கன்டமான்டோ சந்தையில் பேலைப் பிரிக்கும்வரை உள்ளே என்ன என்று வாங்கியவருக்கே தெரியாது. நான் பார்த்த ஒரு பையன் கடன் வாங்கிப் பேல் எடுத்திருந்தான். மேலே நல்ல சட்டைகள், பாதிக்குக் கீழே அக்குள் கறை பிடித்தவை, ஜிப் போனவை. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, குனிந்து பிரித்துக்கொண்டே இருந்தான்.

ருவாண்டா இதைத் தடுக்க 2016-ல் கிலோவுக்கு 20 சென்ட்டாக இருந்த வரியை இரண்டரை டாலராக உயர்த்தியது. அமெரிக்கா 2018 ஜூலையில் ருவாண்டாவின் ஆயத்த ஆடைக்குக் கொடுத்துவந்த வரிச்சலுகையை நிறுத்தியது. இன்று துப்பாக்கி வேண்டியதில்லை, ஒரு சலுகைப் பட்டியல் போதும். வாக்ஸ் துணியில் குறைந்தபட்சம் தேர்ந்தெடுக்கும் உரிமை சந்தைப் பெண்களிடம் இருந்தது. பேலில் அதுவும் இல்லை, வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். 9-ஆம் தேதி நான் சொன்ன இரண்டு கணக்கில் முதல் கணக்கையே இது பிடுங்கிக்கொள்கிறது.

மார்ச் 1

ஆக்ரா போகிறேன், காசு அங்கேயே நிற்கிற மாதிரி துணி வாங்க வேண்டும் என்று கேட்ட தம்பிக்கு. டெமா நகரின் ஜி.டி.பி. ஆலைத் துணி கானாவில் அச்சடிப்பதுதான், ஆனால் அது விலிஸ்கோ குழுமத்துடையது. அதைத் தெரிந்து வாங்கு. வேலை அங்கே நடக்கிறது, ஆகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அகோசொம்போ ஆலைத் துணியும் கேட்டுப் பார். நேரம் இருந்தால் குமாசி பக்கத்தில் போன்வைர் ஊருக்குப் போய்க் கென்ட்டேயைத் தறிக்காரரிடமே வாங்கு. நாலு விரல்கடை அகலப் பட்டைகளாக நெய்து சேர்த்துத் தைப்பார்கள், தையல் கோடு தெரியும், தெரிய வேண்டும். ஒரே அகலத்தில் கட்டம் போட்டு வந்தால் அது அச்சு. வடக்கே போனால் தபோயாவில் அவுரிச் சாயத்தில் நெய்த ஃபுகு கிடைக்கும், 1957-ல் விடுதலையை அறிவித்த இரவு கானாவின் தலைவர் நுக்ருமா போட்டிருந்த மேலாடை அந்த வகைதான்.

விலையை ரொம்ப அடித்துப் பேசாதே. முதல் துவையலைத் தனியாகப் போடு, அவுரி கொஞ்சம் இறங்கும்.